இரண்டு வண்டிக்கு ஒரு மேக்னெட்டோ

அத்தியாயம் 11

1974-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 18-ஆம் தேதி, திங்கட்கிழமை. குறை இதுதான்: சென்னியப்பனுடைய மோட்டார் சைக்கிளுக்கு உயிர் கொடுக்கும் உறுப்பை, இருபத்தேழு ஆண்டுக்கால நண்பர் ஒருவர், ஒரு வார்த்தை கேளாமல், தம் வண்டியோடு சேர்த்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். தம் அறுபத்தொரு வயதில் இதனினும் கொடிய செயலைச் சென்னியப்பன் கண்டதில்லை.

அந்த வண்டியை முன்னமே அறிந்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அறியாதவர்களுக்குச் சில வரிகள் போதும்.

யுத்தம் முடிந்தபின் பட்டாளத்தார் கோயமுத்தூரில் விட்ட ஏலத்தில், பச்சை வர்ணம் பூசிய ஐந்நூறு சி.சி. வண்டிகள் இரண்டை இரண்டு இளைஞர்கள் ஒரே நாளில் எடுத்தார்கள். ஒருவர் நாட்டுக்கல்லுக்கு அருகில் தோட்டம் வைத்திருந்த சென்னியப்பன். மற்றவர் சித்தூர்க் கடைவீதியில் ஆணியும் கீலும் சங்கிலியும் விற்கும் ஜப்பார் ராவுத்தர். சித்தூர் அப்போது கொச்சி மகாராஜாவின் ஆட்சியில் இருந்தது. ராஜ்யம் போயிற்று, மாநிலம் பிறந்தது, தெருவுக்கு இரண்டு புது வண்டிகள் வந்தன. இவர்கள் இருவரும் மாற்றவில்லை.

எட்டு ஆண்டுகளுக்கு முன் அவ்விரண்டு வண்டிகளுள் ஒன்றின் மேக்னெட்டோ எரிந்துபோயிற்று. பாட்டரி இல்லாமலே தீப்பொறி உண்டாக்கும் அந்த உறுப்பு, உரித்த தேங்காயைவிடச் சற்றே பெரியது. கனமோ இரும்புப் படிக்கல்லின் கனம். சென்னை வரையில் தேடியும் அதற்கு மாற்று அகப்படவில்லை. அன்று முதல் இரண்டு வண்டிகளும் ஒரே மேக்னெட்டோவில் ஓடின. திங்கள் முதல் வியாழன் வரை அது சென்னியப்பனுடைய வண்டியில் இருக்கும். வியாழன் மாலை சித்தூருக்குப் போய், வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கும் சனிக்கிழமைக் கொள்முதலுக்கும் ஜப்பாரைச் சுமக்கும். ஞாயிறு மாலை திரும்பி வரும்.

அதற்கு அவர்கள் வகுத்த முறைகள் உண்டு. மேக்னெட்டோவை வேற்றாள் மூலம் அனுப்பக் கூடாது. வீட்டார் கைக்கு வீட்டார் கையே கொடுக்கவேண்டும். கொண்டு வருபவர் தம் துண்டில் சுற்றிக் கொண்டு வருவார். அந்தத் துண்டு வெறுமையாகத் திரும்பக் கூடாது. இங்கிருந்து தேங்காயோ அவரையோ போகும். அங்கிருந்து பேரீச்சம்பழமோ ஒரு பிடி ஆணியோ வரும். பூட்டும்போது இயந்திரத்தின் மண்டையிலுள்ள துளைவழி ஒரு சைக்கிள் கம்பியை இறக்கி, கம்பியில் அரத்தால் கீறிய கோடு வரும் இடத்தில் பொறியைப் பொருத்துவார்கள். ஆளுக்கொரு கம்பி. அதைப் பிறர் தொடக் கூடாது.

இத்தகைய ஒழுங்கு எட்டு ஆண்டுகளில் ஒரு முறையும் தவறவில்லை. நேற்று ஞாயிறு தவறிற்று.

நேற்று மாலை சென்னியப்பன் சாலை முனையில் நின்று மூன்று பஸ்களைப் பார்த்தார். ஜப்பார் இறங்கவில்லை.

திங்கட்கிழமை காலை அவர் வண்டியின் அருகே முக்காலியிட்டு அமர்ந்திருந்தார். மேக்னெட்டோ இல்லாத இடத்தில் தூசி புகாமல் எண்ணெய்த் துணி அடைத்திருந்தது. மனைவி மருதாத்தாள் காப்பியைக் கொண்டுவந்து இடக்கையால் நீட்டினாள்.

"ஏ மருதா, இடக்கையில நீட்டறயே! ஊட்டாளுக்குக் குடுக்கறயா, பிச்சைக்காரனுக்குப் போடறயா?"

"கை ஈரமுங்க" என்றாள் அவள்.

அவர் வாங்கிக்கொண்டார். அத்துடன் அதை மறந்தார்.

அச்சமயத்தில் புது வண்டியின் ஓசை வந்தது. வந்தவர் மருதாத்தாளின் தம்பி குப்பண்ணன். தைப்பொங்கலுக்கு முந்திய வாரம் வாங்கிய சிவப்பு மோட்டார் சைக்கிளை அவர் இன்னும் கைத்துண்டால் துடைத்தபடியேதான் நிறுத்துவார்.

"மச்சானுங்க! பட்டாளம் இன்னிக்குப் பரேடு போகலீங்களா?"

"ராவுத்தர் வரல மாப்பள. மேக்னெட்டோ வரல."

"எப்படீங்க வரும்? ராவுத்தர் வண்டி ஆக்கிரிக் கடையில மல்லாந்து கெடக்குதுங்களே! நேத்து சித்தூருக்குப் போனவன் என்ர கண்ணால பார்த்தனுங்க. டாங்க்கி ஒருபக்கம், சக்கரம் ஒருபக்கம். ஒருத்தன் சம்மட்டி எடுத்துப் போடு போடுன்னு போடறானுங்க."

ஆக்கிரிக் கடை என்றால் பழைய இரும்பை உடைத்து லாரியேற்றும் இடம். சென்னியப்பன் கையிலிருந்த காப்பி தரையில் சிந்திற்று. சமையலறையில் கேட்டுக்கொண்டிருந்த பாத்திர ஓசையும் நின்றது.

"வெள்ளிக்கிழமை அவரு வண்டியிலதான் மேக்னெட்டோ இருந்துச்சு" என்றார் சென்னியப்பன். பிறகு எழுந்தார். "மாப்பள, வண்டியை எடு. சித்தூருக்குப் போகோணும்."

மருதாத்தாள் வாசலுக்கு வந்தாள். "ஏனுங்க, இந்த வெயில்லயா? மத்தியானத்துக்கு மேல போலாமுங்க. ராவுத்தரண்ணன் அப்படிச் செய்யறவிய இல்லீங்க. என்னமோ ஏதோ, ஆற அமரக் கேட்டுக்கலாமுங்க."

"நீ சும்மா இரு. உனக்கு வண்டியைப் பத்தி என்ன தெரியும்?"

கொடியில் ஒரு கட்டம் போட்ட துண்டு மடித்துக் கிடந்தது. போன ஞாயிற்றுக்கிழமை ஜப்பார் கொண்டுவந்து விட்டுப்போன துண்டு. கடலை பறித்ததும் ஒரு படி கட்டிக் கொடுக்கலாம் என்று மருதாத்தாள் வைத்திருந்தாள். சென்னியப்பன் அதை உருவித் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்டார்.

பிறர் ஓட்டப் பின்னால் அமர்ந்து சென்னியப்பன் சித்தூருக்குப் போனது அவருடைய வாழ்நாளில் அன்றுதான். வழியெல்லாம் குப்பண்ணனின் வாய் ஓயவில்லை.

"பார்த்தீங்களா மச்சான், ஒரே மிதி. உங்களுதுல இந்தக் குச்சியை இழு, அந்தக் குச்சியைத் தள்ளு, ஆர்மோனியம் வாசிச்சு முடிக்கறதுக்குள்ள சினிமாவுல மொத ஆட்டமே உட்டுப்போயிரும்."

"மிதிச்ச ஒடனே ஓடறதுக்குப் பேரு தையல் மிஷினு."

"தையல் மிஷின் கால ஒடைக்காதுங்களே."

"உன்ர செயின் தொங்குது. கொழிஞ்சாம்பாறை தாண்டறதுக்குள்ள அதை மூடியிருக்கற காவலோட்டுல தட்டும். கேக்குதா?"

"எனக்கொண்ணும் கேக்கலீங்க."

"உனக்கு எங்க கேக்கும்? காசு குடுத்து வாங்குன வண்டி. கேட்டு வாங்குன வண்டியா?"

அவர் சொன்னது அவருக்கு மட்டுமே விளங்கும். மழைக்காலக் காலைகளில் தம் வண்டி எத்தனையாவது மிதியில் இருமும், எத்தனையாவது மிதியில் பேசும் என்பதை அவர் அறிவார். கட்டிலில் படுத்தபடியே, வேறொருவர் அதைத் தள்ளி நிறுத்தும் ஓசையைக்கொண்டு எந்த நட்டு தளர்ந்திருக்கிறது என்று சொல்வார். எடையைக் குறைக்கவேண்டும் என்று யாராவது சொன்னால் பட்டாளத்தார் வைத்த கான்வாஸ் பைகளைக்கூடக் கழற்றமாட்டார். அத்தகைய வண்டியின் உயிர்நாடியை, கூடவே நின்று காப்பாற்றிவந்த ஒருவரே அறுத்துவிட்டார் என்பதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

சித்தூர்க் கடைவீதி அன்று கூட்டமாயிருந்தது. ஜப்பார் தராசில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். கடையின் அலமாரிகள் பாதிக்குமேல் காலியாக இருந்தன. சென்னியப்பன் அதைக் கண்டார். அதையும் தவறாகவே எண்ணினார். எல்லாவற்றையும் விற்றுத் தின்கிறான் என்று எண்ணினார்.

"வாங்க கவுண்டரே!" ஜப்பாரின் முகம் மலர்ந்தது. "நேத்தே வருவீங்கன்னு பார்த்தன். உக்காருங்க, டீ சொல்றன்."

"டீ குடிக்க வரல. வண்டி எங்க?"

"குடுத்துட்டன்."

"ஆக்கிரிக்காரனுக்கா?"

"ஆமா. வேற யாரு எடுப்பாங்க?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை?"

ஜப்பார் தராசைக் கீழே வைத்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "ஏன், மருதாத்தா தங்கச்சி ஒண்ணும் சொல்லலியா?"

"அவ என்ன சொல்லுவா? அடுப்படியில கெடக்கறவளுக்கு என்ன தெரியும்? நான் கேக்கறது உன்னை!"

இருபத்தேழு ஆண்டுகளில் ஒருவரையொருவர் மரியாதை தவறி அழைத்ததில்லை. ஆணி வாங்க நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எதிர்க்கடைத் துணி வியாபாரி படியிறங்கி வந்தார்.

ஜப்பார் எதையோ கணக்கிட்டுப் பார்ப்பவர்போலச் சென்னியப்பனுடைய முகத்தை நோக்கினார். அப்புறம் அவருடைய வாய் இறுகிற்று.

"மேக்னெட்டோவுக்கு ஒண்ணும் ஆகல கவுண்டரே. பத்திரமா இருக்குது."

"எங்க இருக்குது?"

ஜப்பார் குப்பண்ணனைப் பார்த்தார். கூடி நின்றவர்களைப் பார்த்தார். "வெயில்ல வந்திருக்கீங்க. ஊட்டுக்குப் போங்க. ஊட்டுல போய்ப் பேசிக்குங்க."

"ஊட்டுல என்னத்தைப் பேசறது? என்ர மேக்னெட்டோவை உன்ர வண்டியோட சேத்து ஆக்கிரிக்காரனுக்குத் தள்ளிப்போட்டு, எனக்குப் புத்தி சொல்றயா? தராசு புடிக்கற கைக்குச் சிநேகிதம் என்ன தெரியும்? இரும்போட இரும்பா என்னையும் நிறுத்துப் போட்டுட்டயே! இனி என்ர வாசல்ல உன்ர செருப்புத் தடம் படக்கூடாது."

"மச்சானுங்க, போதுமுங்க" என்று குப்பண்ணன் கையைப் பிடித்தார்.

சென்னியப்பன் கையை உதறினார். தோளில் கிடந்த துண்டை எடுத்தார். நான்கு முனையும் விரியும்படி உதறினார். அதில் ஒன்றுமில்லை என்று எல்லாரும் காணும்படி தூக்கிக் காட்டினார். தராசுத் தட்டில் வீசினார்.

தட்டு ஒரு முறை தாழ்ந்து எழுந்தது.

ஜப்பார் அந்தத் துண்டை எடுத்தார். முனையோடு முனை சேர்த்து, வேண்டிய நேரம் எடுத்துக்கொண்டு மடித்தார். "சரிங்க கவுண்டரே" என்றார். ஆணி கேட்டவரிடம் திரும்பி, "எத்தனை சொன்னீங்க, ரெண்டு ராத்தலா?" என்று கேட்டார்.

ஆக்கிரிக் கடை ஆற்றுக்குப் போகும் வழியில் இருந்தது. லாரி ஏறுவதற்குமுன் மேக்னெட்டோவை மீட்டுவிடலாம் என்ற எண்ணத்தோடு சென்னியப்பன் அங்கே போனார். சம்மட்டி வைத்திருந்தவன் குருசாமி, போடிப் பக்கத்தவன். ஜப்பாருடைய வண்டியின் சட்டம் இரண்டாக வளைந்து கிடந்தது. கொச்சி ராஜ்யக் காலத்து எண்பலகை மண்ணில் முகம் புதைந்திருந்தது.

"இந்த வண்டியோட மேக்னெட்டோ எங்கப்பா?" என்றார் சென்னியப்பன்.

"மேக்னெட்டோவா? அது எங்கைக்கு எங்க வந்துச்சு?" குருசாமி சம்மட்டியை ஊன்றிக்கொண்டு நின்றான். "அந்த ராவுத்தர் அண்ணாச்சி வெள்ளிக்கெழம தொழுகை முடிச்சுட்டு வண்டியை ஓட்டிக்கிட்டே வந்தாரு. ஓடுற வண்டியய்யா! இந்த வேப்பமரத்தடியில ஒக்காந்து தானே கழட்டினாரு. ஒரு தட்டுத் தட்டுனா கையில வந்துருமேன்னு நான் போனேன். 'தொடாதே'ன்னு என் கையைத் தட்டி விட்டுட்டாரு. ரெண்டு மணி நேரம். கழட்டிப் புதுத் துண்டுல சுத்தி மடியில வச்சுக்கிட்டாரு."

குப்பண்ணன் கேட்டார்: "ஓடற வண்டியை எதுக்கப்பா ஒடைக்கக் குடுத்தாரு?"

"நானும் அதத்தான் கேட்டேன். முழுசா வித்தா வாங்குறவன் மேக்னெட்டோவும் சேத்துல்ல கேப்பான்னாரு. வீட்டம்மா ஐசும்மா இறந்து போனப்புறம் கடையப் பாக்க மனசில்லயாம். மக ஹவ்வா வண்டன்மேட்டுல இருக்காம். மருமகன் சைனுதீன் ஏலக்கா யாவாரம் பாக்காராம். அங்கயே வரச்சொல்லிட்டாகளாம். 'மலையில எனக்கு எதுக்கு வண்டி? ஒரு மேக்னெட்டோ ரெண்டு வண்டிக்கு எத்தனை நாளைக்கு? அங்க ஒருத்தர் வண்டி ஏழு நாளும் ஓடட்டும்'னாரு. உபயோகப்படுற சாமானெல்லாம் ஒரு சாக்குல கட்டி, சனிக்கெழம பஸ்ஸு மேல போட்டு எடுத்துக்கிட்டுப் போனாரு. எங்கயோ நாட்டுக்கல் பக்கமாம்." குருசாமி சிரித்தான். "அந்த ஒருத்தர் குடுத்து வச்சவரு. யாருன்னு தெரியுமா அய்யா?"

சென்னியப்பன் எண்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை அவர் கரும்பு வண்டிகளோடு ஆலைக்குப் போயிருந்தார். முறை வராமல் இரவெல்லாம் அங்கேயே கிடந்து, ஞாயிறு விடிந்துதான் வந்தார். வீட்டில் இருந்தவள் மருதாத்தாள் ஒருத்தியே. வீட்டார் கைக்கு வீட்டார் கை. ஜப்பார் முறை தவறவில்லை.

"மச்சானுங்க" என்றார் குப்பண்ணன். அவருடைய குரலில் அப்போது கேலியில்லை. "கடையைத் தாண்டித்தான் போகோணும். ஒரு நிமிசம் நிறுத்தட்டுங்களா?"

"ஊட்டுக்கு உடு."

கடைவீதியைத் தாண்டும்போது சென்னியப்பன் முகத்தை மறுபுறம் திருப்பிக்கொண்டார். ஒரு சொல்லில் முடிந்திருக்கக்கூடிய காரியம். அந்த இடத்தில் அவர் விட்டார். மனிதர்கள் இப்படித்தான் விடுகிறார்கள். அப்புறம் விதி என்கிறார்கள்.

வீடு சேரும்போது மணி நான்கு. மருதாத்தாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள்.

"மருதா, சனிக்கிழமை யாரு வந்தாங்க?"

அவள் வாளியைக் கீழே வைத்தாள். மறைக்கவில்லை. "ராவுத்தரண்ணன் வந்தாங்க."

"மேக்னெட்டோவைக் குடுத்தாங்களா?"

"மேக்னெட்டோவும் குடுத்தாங்க. ஒரு சாக்கும் குடுத்தாங்க. அவியளோட கம்பியையும் துண்டுக்குள்ள வெச்சுக் கட்டியிருந்தாங்க."

கோடு கீறிய கம்பி. பிறர் தொடக் கூடாத கம்பி. அதையும் கொடுத்துவிட்டார் என்றால் இனி அவர் ஒரு வண்டியைத் தொடப்போவதில்லை என்பது பொருள்.

"எங்க வெச்சிருக்கறே?" என்றார் சென்னியப்பன்.

மருதாத்தாள் சிரித்தாள். நல்ல சிரிப்பன்று. "அவிய ஊரையே உட்டுப் போறாங்க. நாளைக்குக் காலையில ஆறு மணி பஸ்ஸு. அதைக் கேக்கலீங்க. 'எதுக்கு மருதா மறைச்சே'ன்னு கேக்கலீங்க. மேக்னெட்டோ எங்கேன்னு கேக்கறீங்க."

"சரி, எதுக்கு மறைச்சே?"

"ஏழு நாளும் ஓடுமுங்களே! இப்ப மூணு நாளாச்சும் சும்மா நிக்குது. அந்த மூணு நாளுதான் எனக்குத் தூக்கம் வருது." அவள் முந்தானையை இடக்கையால் செருகினாள். "ஐப்பசியில மூலத்தறை வாய்க்கா மேட்டுல வண்டியோட உளுந்தமுங்களே, ஞாபகமிருக்குதுங்களா? மொதல்ல எதை நிமித்துனீங்க?"

"பெட்ரோலு ஒழுகிட்டிருந்துச்சு மருதா."

"ஆமாங்க, பெட்ரோலு ஒழுகுச்சு. நான் சேத்துல கெடந்தன். நான் ஒழுகல."

குப்பண்ணன் தலை குனிந்துகொண்டார்.

"அந்த வண்டியில ஒரு நட்டு லூசானா கட்டில்ல படுத்துக்கிட்டே உங்களுக்குக் கேக்குது. காலையில இடக்கையில காப்பி குடுத்தனே, எதுக்குன்னு கேட்டீங்களா? மரியாதை கெட்டுப்போச்சுன்னீங்க. பாருங்க." வலக்கையைத் தூக்கினாள். அது மார்பளவுக்கு வந்தது, அதற்குமேல் எழவில்லை, நடுங்கி இறங்கிற்று. "அஞ்சு மாசமா இதுக்கு மேல போகலீங்க. தலையை ஒத்தைக் கையிலதான் முடியறன். சனிக்கிழமை சாக்கை எறக்கறப்போ, 'கையென்ன அம்மிணி?'ன்னு கேட்டாங்க ராவுத்தரண்ணன். அஞ்சு மாசத்துல கேட்ட மொத ஆளு அவியதான்."

சென்னியப்பன் முக்காலியில் அமர்ந்தார். மருதாத்தாள் அவருடைய தோளைப் பார்த்தாள். துண்டு இல்லை.

"அவியளை ஒண்ணும் பேசிடலீங்களே?"

அவர் வண்டியில் அடைத்திருந்த எண்ணெய்த் துணியை அழுத்திவிட்டார்.

"பேசிட்டாருங்க அக்கா" என்றார் குப்பண்ணன். "கடைவீதியே நின்னு கேட்டுச்சு. தராசு புடிக்கற கைன்னாரு. வாசல்ல செருப்புத் தடம் படக்கூடாதுன்னாரு. வெறுந்துண்டை உதறித் தட்டுல வீசிட்டு வந்துட்டாரு."

"வெறுந்துண்டையா?" அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "அவிய என்ன சொன்னாங்க?"

"உங்க கிட்டக் குடுத்ததைச் சொல்லவே இல்லீங்க அக்கா. நீங்க மறைச்சது தெரிஞ்சுபோச்சு அவருக்கு. அத்தனை பேரு முன்னால உங்களைக் காட்டிக்குடுக்க மனசில்லாம, வாங்கிக் கட்டிக்கிட்டாரு."

மருதாத்தாள் சுவரை விட்டு நிமிர்ந்தாள். "அப்ப அந்தத் துண்டை நானும் சேந்துதான் வீசியிருக்கறன்" என்றாள். அப்புறம் கணவரிடம் கேட்டாள்: "என்ன சொல்லிக் கேட்டீங்க? யாரோட மேக்னெட்டோன்னு கேட்டீங்க?"

"என்ர மேக்னெட்டோன்னு…"

"எரிஞ்சது யாரோடதுங்க?"

அந்தக் கேள்வி அவரை எட்டு ஆண்டுகள் பின்னுக்குத் தள்ளிற்று. கார்த்திகை மாதம். நாட்டுக்கல் திருப்பத்தில் தம் வண்டி புகைந்து நின்றது. மறுநாள் ஜப்பார் தம் வண்டியிலிருந்து கழற்றிய மேக்னெட்டோவைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். 'ஒரு வாரம் வெச்சுக்குங்க கவுண்டரே, அதுக்குள்ள வேற தேடிக்கலாம்' என்றார். அந்த ஒரு வாரம் எட்டு ஆண்டுகளாயிற்று. கொடுத்தவர் ஒரு நாளும் நினைவூட்டவில்லை. வாங்கியவர் மறந்தே போனார். மறந்தது மட்டுமன்று. கொடுத்தவரின் கடைவாசலில் நின்று, தம்முடையது என்று கூவிவிட்டு வந்திருக்கிறார்.

மருதாத்தாள் உள்ளே போனாள். திரும்பி வந்தபோது அவளுடைய இடக்கையில் ஒரு சைக்கிள் கம்பி இருந்தது. அதை அவருடைய மடியில் வைத்தாள்.

"இது மட்டும் இப்போதைக்கு. மத்ததெல்லாம் எங்க இருக்குதுன்னு எனக்குத்தான் தெரியும். நாளைக்கு ஆறு மணிக்குள்ள அந்தக் கடைக்கு முன்னால நின்னு, அதே ஆளுங்க கேக்கறாப்புலச் சொல்லோணும். நானும் வர்றனுங்க, எனக்கும் சொல்லறதுக்கு இருக்குது. ஆனா மொதல்ல வாயைத் திறக்க வேண்டியது நீங்க. சொல்லிட்டு வந்து, என்ர கை எந்த எடத்துல நோவுதுன்னு ஒருவாட்டி கேளுங்க. அன்னிக்கு நானே எடுத்துக் குடுக்கறன். இல்லீன்னா, அது இருக்கற எடத்துலயே இருக்கட்டும்."

"கடை எட்டு மணிக்குச் சாத்திருவாங்க அக்கா" என்றார் குப்பண்ணன். "நான் சாலை முனையில நிக்கறன். மச்சான் வந்தா ஏத்திக்கறன். நீங்க பின்னால பஸ்ஸுல வாங்க." மறுமொழிக்குக் காத்திராமல் தம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

வெயில் தாழ்ந்தது. சென்னியப்பன் கம்பியை விரல்களுக்கிடையே உருட்டிக்கொண்டிருந்தார். ஜப்பார் கீறிய கோடு, தாம் கீறியதைவிட ஒரு மயிரிழை மேலே இருந்தது. இதை எத்தனையோ முறை சொல்லிச் சண்டையிட்டிருக்கிறார்கள். யார் சொன்னது சரி என்று இருவரும் கடைசிவரை ஒப்புக்கொண்டதில்லை.

பச்சை வண்டி அவருக்கு எதிரே நின்றது. எண்ணெய்த் துணி அடைத்த அந்த இடம் ஒரு வாய்போல் இருந்தது.

சாலை முனையில் குப்பண்ணனின் வண்டி அணைக்கப்படாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதன் செயின் காவலோட்டில் தட்டும் ஓசை, இவ்வளவு தொலைவிலிருந்தும், சென்னியப்பனுக்குத் தெளிவாகக் கேட்டது. பின்கட்டில் மருதாத்தாள் ஒற்றைக் கையால் தண்ணீர் சேந்துவதும் கேட்டது: கயிறு ஓர் இழுப்பு, ஒரு நிறுத்தம், மறுபடியும் ஓர் இழுப்பு. ஐந்து மாதமாக அது அப்படித்தான் ஒலித்திருக்கிறது. அவர் இன்றுதான் கேட்டார்.

குப்பண்ணன் ஒரு முறை ஹாரன் அடித்தார். சிறிது நேரம் கழித்து இரண்டாம் முறையும் அடித்தார்.

சென்னியப்பன் இன்னும் எழுந்திருக்கவில்லை. அவரைப் பார்த்துக்கொண்டு நீங்களும் உட்கார்ந்திருக்கவேண்டாம். பத்துப் பேர் கேட்க நீங்கள் யாரைப் பேசினீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அவர் இன்னும் ஊரில் இருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள். இருந்தால் இன்றைக்கே போங்கள். தனியே அழைத்துக் காதோடு சொல்லாதீர்கள். அந்தப் பத்துப் பேரையும் வைத்துக்கொண்டு, அன்று எந்தக் குரலில் பேசினீர்களோ அந்தக் குரலிலேயே சொல்லுங்கள். வெறுந்துண்டோடு போகாதீர்கள்.